இன்றைக்கு மூடி மட்டும்

டெய்லரம்மாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. ஒரு பொத்தான் தைக்கக் கொடுத்தால் மற்ற பொத்தான்களையும் இழுத்துப் பார்ப்பாள். இளகியதைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகத் தைத்துத்தான் தருவாள். அப்படிப்பட்டவளிடம் போய், ஒரே வாரத்தில் இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னால் என்ன ஆகும்? சோறு தண்ணி மறந்தாள்.

விஷயம் கணவரின் உயிர் சம்பந்தப்பட்டது. கணக்கு வாத்தியாரான அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. வயிற்றில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்திருந்தார்கள். தினமும் நான்கு வேளை அதன் வழியாகப் பழைய நீரை வடித்துவிட்டு, பையிலிருக்கும் புது நீரை உள்ளே விட வேண்டும். வீட்டிலேயே செய்யலாம், ஆனால் துளி அழுக்கு உள்ளே போனாலும் ஆபத்து. வாத்தியாருக்கு விரல்கள் நடுங்கும் என்பதால் எல்லாம் மனைவி தலையில். வெள்ளிக்கிழமை, பயிற்சி கொடுக்கும் சிஸ்டர் முன்னால் பிசகில்லாமல் செய்து காட்டினால் வீட்டிலேயே செய்துகொள்ள விடுவார்கள். இல்லாவிட்டால் வாரத்தில் மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரியில் மெஷினோடு படுக்க வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட வேண்டும். பிள்ளைகளை அதட்டாமல் அந்த மனுஷர் ஒரு மாதம்கூடத் தாங்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

பயிற்சி அறையில் ஒரு மேசை, ஒரு தொட்டி, பையைத் தொங்கவிட ஒரு கம்பி, குழாய் பொருத்திய ஒரு ரப்பர் வயிறு. டெய்லரம்மா காலையில் அந்த வயிற்றைப் பிடித்தால் சாயங்காலம்தான் விடுவாள். வீட்டுக்கு வந்தும் தலையணையில் குழாயைக் கட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பாள். வாத்தியார் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"தப்பு! முதல்ல கை கழுவணும்."

"கழுவிட்டுத்தாங்க வந்தேன்."

"அப்புறம் கதவுப் பிடியைத் தொட்டே. நான் பார்த்தேன். முப்பது மார்க்."

மார்க் போடுகிறாராம்! சொந்தப் பெண்டாட்டியை ஃபெயில் ஆக்குவதில் இவருக்கு என்ன சந்தோஷமோ. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கழுவினாள். அந்த வேகத்தில் வாடிக்கைக்காரர் ஒருவரின் சட்டைக்கு இரண்டு இடது கைகளை வைத்துத் தைத்துவிட்டாள். அவர் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "என் உடம்புலதான் ஏதோ கோளாறு போல" என்றார். நல்ல மனுஷர்.

புதன்கிழமை சாயங்காலம் அது நடந்தது. வியர்வை தாங்காமல் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டிருந்தாள். ஒரு கையில் குழாய், மறு கையில் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கவ்வி. குழாயின் வாயை அடைக்க வேண்டிய சின்ன மூடியை எங்கே வைப்பது? யோசிக்கக்கூட இல்லை, உதட்டில் கவ்விக்கொண்டாள். இத்தனை வருஷமாகக் குண்டூசிகளைக் கவ்விப் பழகிய வாய் அது. கவ்விய பிறகுதான் சிஸ்டரின் முகத்தைப் பார்த்தாள். மூடி உதட்டிலிருந்து தரையில் விழுந்தது. டெய்லரம்மா அழுதேவிட்டாள்.

"எனக்கு வராது சிஸ்டர். நான் அவரைக் கொன்னுடுவேன்."

சிஸ்டருக்கு மகள் வயதுதான் இருக்கும். திட்டவில்லை. ரப்பர் வயிற்றைத் தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஒரு குழாய்த் துண்டை மட்டும் மேசையில் விட்டுவைத்தாள்.

"உங்களுக்குத் தெரியாம இல்லம்மா. களைச்சுப் போயிருக்கீங்க. களைச்ச கை புதுசை விட்டுட்டுப் பழசைப் பிடிச்சுக்கும். இனிமே ஒரு நாளைக்கு நாலு தடவைதான். வீட்ல எந்த நாலு வேளை செய்யப்போறீங்களோ, அதே நேரத்துக்கு. நடுவுல தைங்க, சாப்பிடுங்க, படுங்க."

"இன்னும் ஒரு நாள்தானே இருக்கு!"

"அதனாலதான் சொல்றேன். இன்னிக்கு மூடி மட்டும். ஒரே ஒரு தடவை எடுத்து, மூடிட்டு, வீட்டுக்குப் போங்க."

டெய்லரம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீடு வாங்க நினைப்பவனுக்கு ஒரு செங்கல்லைக் கொடுத்து அனுப்புவதா? ஆனாலும் முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு, புது மூடியைத் தட்டிலேயே வைத்துக் கடைசி நொடியில் எடுத்து அந்தக் குழாய்த் துண்டில் பொருத்தினாள். சரியாக உட்கார்ந்தது. இன்னொரு தடவை என்று கை நீட்டினாள். சிஸ்டர் விளக்கை அணைத்துவிட்டாள்.

வீட்டில் வாத்தியார் வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இன்னிக்குப் பாடம் கிடையாது" என்றாள். "நீங்க பக்கத்துல உட்கார்ந்து தப்பு தப்புன்னு சொன்னா, எனக்குச் சரியானதுகூடத் தப்பாத் தெரியுது."

வாத்தியார் நாற்காலியைப் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்தார். பிறகு, "பயமா இருக்கும்மா" என்றார். "சும்மா பார்த்துட்டு உட்கார்ந்திருக்க முடியல. அதான் வாத்தியார் ஆயிடறேன்."

அவள் அவருடைய நடுங்கும் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும்தான் பயம் என்றாள். இருவரும் சாப்பிட்டார்கள். அந்த வாரத்தில் முதல்முறையாகப் படுத்தவுடன் தூங்கினாள்.

வியாழக்கிழமை நான்கே தடவை. நடுவில் அந்தச் சட்டையின் இடது கைகளில் ஒன்றைப் பிரித்து வலது கையாக்கினாள். நான்காவது தடவை கை அதுவாகவே போனது. அவள் வேடிக்கை பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை ரப்பர் வயிறு இல்லை, வாத்தியாரே படுத்திருந்தார். ஜன்னலைச் சாத்தி, கை கழுவி, பையை மாட்டினாள். பையின் குழாய் முனையைத் திறந்தபோது அது அவள் சட்டைக் கையில் லேசாக உரசியது. சிஸ்டர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. அப்படியே பொருத்தியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

டெய்லரம்மா அந்தப் பையைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "இது ஆகாது சிஸ்டர். முதல்லேர்ந்து வரேன்." அவசரப்படாமல் மறுபடி கை கழுவினாள். முதுகுக்குப் பின்னால் ஒரு "தப்பு!" வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. புதுப் பையை மாட்டி, பொருத்தி, அடைப்பைத் திறந்து நீர் வடிய ஆரம்பித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.  கண்கள் மூடியிருந்தன.

"ஐயோ, சிஸ்டர்..."

"தூங்குறாரும்மா" என்றாள் சிஸ்டர். "குறட்டை கேட்கலையா?"

கேட்டது. அவள் கையில் தன் உயிரைக் கொடுத்துவிட்டு இந்த மனுஷர் தூங்குகிறார்.  நீர் வடிந்தது, புது நீர் இறங்கியது, மூடி பொருந்தியது. சிஸ்டர் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

"இனிமே வீட்லயே செய்யலாம்மா. அவரை எழுப்பிச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்" என்றாள் டெய்லரம்மா, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு. "அவரா எழுந்திருக்கட்டும். எனக்கும் இப்ப ஒரு வேலையும் இல்லை."