உடன் பார்த்தவர்

எடைமேடைக்காரர் முதல் தடவை இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு. அன்று மாலை ஐந்து மணிக்கு ஆலைச் சங்கு ஊதியதும் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். மறுநாளும் அதே பத்தேகாலுக்கு இறந்து அதே ஐந்து மணிக்கு எழுந்தார். ஏழு மாதமும் சில நாட்களும் இப்படியே போயின. அவருடைய மகளைத் தவிர வேறு யாரும் இதைப் பார்க்கவில்லை, அதுதான் காரணம்.

அந்தத் தெருவில் ஒருவர் மட்டும் பார்த்தது நிலைக்காது. எந்தக் காலத்திலிருந்து என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. முதலில் கவனித்தவர் தனியாகக் கவனித்திருப்பார், மாலையில் மறந்திருப்பார் என்று கிண்டலாகச் சொல்வார்கள். ஒரு பெண் தனியாக இருக்கும்போது கைதவறிக் கண்ணாடித் தம்ளரை உடைத்தால், ஐந்து மணிச் சங்குக்கு அது அலமாரியில் முழுசாக நிற்கும். தனிக்கட்டை ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு மதியம் வயிறாரச் சாப்பிட்டால், சங்கு ஊதும்போது சோறு பானையிலும் பசி வயிற்றிலும் திரும்பவும் இருக்கும். அதனால் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற யாரையாவது கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். ஒரு காரியத்தைச் செய்தவரோ பட்டவரோ கண்ணால் பார்த்திருந்தால் அவரையும் ஒரு ஆளாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், இன்னும் ஒருவர் போதும். இதை நன்றாக அறிந்தவர் பல் டாக்டர். வலிக்குப் பயந்து கண்ணை மூடிக்கொள்கிற நோயாளிகளின் பல், பிடுங்கிய அன்று மாலையே வேரோடும் வலியோடும் ஈறில் திரும்ப உட்கார்ந்திருக்கும். அவர் நாற்காலிக்கு எதிரே ஒரு கண்ணாடியை மாட்டி, கண்ணைத் திறந்து வைத்திருக்கவும் என்று எழுதிப் போட்டிருந்தார்.

இப்படிப்பட்ட தெருவில் ஒருவரை ஒருவர் நம்பி வாழ்ந்தார்கள் என்று நினைத்தால் தவறு. பார்த்தேன் என்று சொன்னவர் உண்மையில் பார்த்தாரா, பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருந்தாரா என்று எல்லோருக்கும் எல்லோர் மேலும் சந்தேகம். கல்யாணமாகி இருபது வருஷமான தம்பதிகள்கூட, அன்றைக்குக் கண் கொட்டாமல்தானே பார்த்தாய் என்று சண்டைக்கு நடுவே கேட்டுக்கொள்வார்கள். வீட்டு ஜன்னல்கள் எல்லாம் எதிர்வீட்டு ஜன்னல்களுக்கு நேராக வைத்துக் கட்டப்பட்டிருந்தன. திரைச்சீலை விற்க வந்த ஒருவர் மூன்றே மாதத்தில் கடையைக் காலி செய்துகொண்டு போனார்.

மகள் ஒரு சட்டைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே காலர் தைத்துக் கொடுத்தாள். நாற்பது வயது, முன்கை முழுக்க நூல் பிசிறு. எதிர்வீட்டில் இருந்தவர் கோர்ட்டில் முப்பது வருஷம் வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்து ஓய்வு பெற்ற அம்மாள். தெருவில் டைப்பிஸ்ட் என்றால் அவர்தான். அத்தனை சாட்சிகளின் பேச்சை அடித்த விரல்களால் இனி யாரையும் நம்ப முடியாது என்று அவரே சொல்வார். காலர் தைப்பதை அவர் தன் ஜன்னலிலிருந்து பார்ப்பார், அவர் காய்கறி நறுக்குவதை இவள் பார்ப்பாள். யாரும் பார்க்காமல் தைத்த காலர்கள் மாலையில் பிரிந்து, நூல் பழையபடி கண்டில் சுற்றிக்கொள்ளும் என்பதால், இது இரண்டு பேருக்கும் லாபமான ஏற்பாடு. முதல் செவ்வாய்க்கிழமை காலை டைப்பிஸ்ட் பல் டாக்டரின் நாற்காலியில் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டில் எடைமேடைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, போய்ச் சேர்ந்தார். ஊசி போடும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர் அவர்.

மகள் வாசலுக்கு ஓடவில்லை. யாரையாவது கூப்பிட வாயெடுத்தவள், அந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கூப்பிட்டால் வந்து பார்ப்பார்கள், பார்த்தால் அது நடந்ததாகிவிடும். போர்வையை ஜன்னலில் மாட்டிவிட்டு மாலை வரை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சங்கு ஊதியது. அப்பா எழுந்தார், காப்பியைக் குடித்தார், மாட்டியிருந்த போர்வையைப் பார்த்தார்.

"எத்தனை பேர் பார்த்தீங்க?"

"நான் மட்டும்தாம்ப்பா."

"சரி," என்று சொல்லிவிட்டு இன்னொரு வாய் குடித்தார்.

அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முப்பத்தோரு வருஷம் லாரிகளை எடைமேடையில் ஏற்றி எடை போட்டவர் அவர். முள் எந்த எண்ணில் நின்றது என்பதை அவர் ஒருவர் பார்த்தால் போதாது. லாரிக்காரரை இறக்கிக் கூட்டி வந்து பக்கத்தில் நிறுத்தி, அவரும் பார்த்த பிறகுதான் சீட்டு எழுதுவார். சீட்டின் அடியில் இரண்டு கோடுகள் இருக்கும். பார்த்தவர் என்ற கோட்டில் அவருடைய கையெழுத்து, உடன் பார்த்தவர் என்ற கோட்டில் லாரிக்காரருடையது. மழையில் நனைந்தபடி இறங்கி வந்த லாரிக்காரர்கள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினாலும், அவர் போட்ட எடையை யாரும் மறுத்ததில்லை.

முதல் மாதங்களில் அவர் சந்தோஷமாகவே இருந்தார் என்று சொல்ல வேண்டும். மாலை ஐந்திலிருந்து மறுநாள் காலை பத்து வரை முழுசாக அவருடைய நேரம். ஜன்னலில் உட்கார்ந்து தெருவோடு வம்பளந்தார், வானொலிச் செய்தியோடு சண்டை போட்டார், சாம்பாரில் உப்பு குறை என்றார். பத்து மணி நெருங்கியதும், வேலைக்குப் போகிறவரைப் போலச் சட்டையைச் சரிசெய்துகொண்டு கட்டிலில் போய்ப் படுப்பார். மகள் திரையை இழுத்து விடுவாள். போர்வை போய் இப்போது அசல் திரையே வந்துவிட்டது, அந்தத் தெருவின் ஒரே திரை. பிறகு ஒரு ஈரத்துணியை நாலாக மடித்து அவர் கண்கள் மேல் போடுவாள். இரண்டாம் நாள் வலியில் அவருடைய இமைகள் துடித்ததைப் பார்த்த பிறகு ஆரம்பித்த பழக்கம் அது. ஏன் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் வெகுநாள் கேட்கவில்லை.

திரை தொங்கினால் தெரு சும்மா இருக்குமா. அவள் போட்டிக் கம்பெனிக்குக் காலர் தைக்கிறாள் என்றார்கள். யாரையோ உள்ளே வைத்திருக்கிறாள், பின்பக்கமாக வந்து போகிறான் என்றார்கள். வீட்டின் பின்பக்கம் இருப்பது ஆலையின் மதில் சுவர் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. அப்பாவுக்கு மயக்க மருந்து கொடுத்து வீட்டை எழுதி வாங்கப் பார்க்கிறாள் என்பதுதான் கடைசியில் நிலைத்தது, ஏனென்றால் அதை டைப்பிஸ்ட் சொன்னார். தன்னை நம்பாமல் ஒரு துணியை நடுவில் தொங்கவிட்டது அவருக்குப் பொறுக்கவில்லை. "பகல் பூரா மனுஷன் சத்தமே இல்லையே, அது எப்படி?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டார். ஏழாம் மாதம் அதையே அழகாக வரி பிரித்து, பிழையில்லாமல் தட்டச்சு செய்து, சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பினார்.

அந்த மாதங்களில் எடைமேடைக்காரர் மெலிந்துபோனார். சாவு மாலையில் கலைந்துவிட்டாலும், சாவதற்கு முந்தைய கால் மணி நேர வலி நினைவில் தங்கிவிட்டது. ஒரு மனிதருக்கு ஒரு தடவை வர வேண்டியது இருநூறு தடவைக்கு மேல் வந்திருந்தது. காலை எட்டு மணிக்கே கைவிரல் மரத்துப்போகத் தொடங்கியது, ஒன்பது மணிக்கு அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயல்வது மகளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் துணியை நனைத்தாள். அவளுக்கு அவரை விட்டால் ஆளில்லை, அவ்வளவுதான் விஷயம். அதற்கு மேல் அவள் தரப்பில் நியாயம் எதுவும் கிடையாது, அவளும் சொல்லிக்கொள்ளவில்லை.

"வலி நெஞ்சுல, துணி எதுக்கு பாப்பா கண்ணுல?" என்று ஒரு நாள் அவர் கேட்டார்.

"குளிர்ச்சியா இருக்குமேன்னு."

அவர் அவளைப் பார்த்தார். குறைவான எடை எழுதச் சொல்லிக் கெஞ்சும் லாரிக்காரர்களை அவர் அப்படித்தான் பார்ப்பார். ஆனால் துணியை எடுக்கவில்லை.

சுகாதார அதிகாரி ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வந்தார். தெருவின் நடைமுறை தெரிந்தவர், அதனால் ஒரு போலீஸ்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். எடைமேடைக்காரர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார், பேசினார், நாக்கை நீட்டிக் காட்டினார். உயிரோடிருக்கிறார் என்று இரண்டு பேரும் எழுதிக்கொண்டார்கள். இருந்தாலும் புகார் பகல் நேரத்தைப் பற்றியது என்பதால், வியாழக்கிழமை பகல் பதினோரு மணிக்கு இருவரும் மறுபடி வருவதாகவும், கதவு திறக்காவிட்டால் உடைக்க நேரிடும் என்றும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, வேறு ஊருக்குப் போய்விடலாமா என்று மகள் கேட்டாள். அந்தத் தெருவைத் தாண்டினால் ஒருவர் பார்த்தாலே போதும், எல்லாம் நிலைத்துவிடும் என்பதை அவர் நினைவுபடுத்தினார். பிறகு தட்டிலேயே கை கழுவிவிட்டுச் சொன்னார்:

"வியாழக்கிழமை அவங்க ரெண்டு பேரும் பார்த்து நான் போகணுமா? சரக்கு ஏத்தினவன் பக்கத்துல நிக்கும்போது, ரோட்டுல போறவன் கையெழுத்து எதுக்கு?"

மகள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் பாத்திரம் கழுவினாள்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு எடைமேடைக்காரர் அலமாரியிலிருந்து பழைய சீட்டுப் புத்தகத்தை எடுத்து, ஒரு தாளைக் கிழித்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏதோ எழுதினார். மகள் காலரைத் தைத்தபடியே அதைப் பார்த்தாள், என்ன எழுதுகிறார் என்று கேட்கவில்லை. பத்து மணிக்கு அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு படுத்தார். அவள் திரையை இழுத்தாள், துணியை நனைத்தாள், நாலாக மடித்துக் கண்களின் மேல் வைத்தாள். வலி வந்தது. அவர் கையைத் தூக்கி அந்தத் துணியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

துணியைத் திரும்பப் போட அவளுக்கு நேரம் இருந்தது. அவர் கையில் அதைத் தடுக்கும் பலம் இல்லை. நாளைக்குத்தானே அவர்கள் வருகிறார்கள், இன்றைக்கு ஒரு மாலை, ஒரு காப்பி, ஒரு ராத்திரி மிச்சம் இருக்கிறதே என்று அவள் கணக்குப் போட்டாள். துணியிலிருந்து தண்ணீர் அவள் முழங்கை வழியாக ஓடித் தரையில் சொட்டியது. அப்பா கண்ணைத் திறந்து வைத்திருந்தார். அவருக்குப் பயமாக இருந்தது, அது முகத்தில் தெரிந்தது, ஆனாலும் இமைக்கவில்லை. முள் ஆடி ஆடி ஓரிடத்தில் நிற்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கிறவர் போல மேலே பார்த்துக்கொண்டே இருந்தார். மகள் துணியைத் தரையில் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் பார்த்தாள். அப்போது மணி பத்தேகால்.

ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. காப்பி தம்ளரில் ஆறி ஆடை கட்டியது. அவர் எழவில்லை. மகள் எழுந்து திரையை விலக்கினாள்.

எதிர்ஜன்னலில் டைப்பிஸ்ட் நின்றிருந்தார். ஏழு மாதம் காத்திருந்த காட்சி கண்முன் வந்ததும் அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்களை மூடினார். பிறகு தெருவைக் குறுக்கே கடந்து செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

"நான் பார்க்கலைம்மா! சத்தியமா பார்க்கலை, கண்ணை மூடிட்டேன். என்னால ஆகலை."

"தெரியும்க்கா. நீங்க பார்க்கலைன்னாலும் பரவாயில்லை. அப்பாவே பார்த்துட்டார்."

மகள் அழுதாள். டைப்பிஸ்ட் பக்கத்தில் நின்று, கண்ணை அகலத் திறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பதினோரு மணிக்கு வந்த அதிகாரியும் போலீஸ்காரரும் தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் போனார்கள். வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா நேரத்தைக் கேட்டார், பார்த்தவர்கள் யார் யார் என்று கேட்டார். மகள் ஒரு எடைச் சீட்டை நீட்டினாள். வண்டி எண், சரக்கு, எடை எல்லாம் காலியாக இருந்தன. நேரம் பத்தேகால் என்று எழுதியிருந்தது. பார்த்தவர் என்ற கோட்டில் எடைமேடைக்காரரின் கையெழுத்து, கொஞ்சமும் நடுக்கமில்லாமல் இருந்தது. குமாஸ்தா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பழைய கோப்பு ஒன்றை வரவழைத்து அதிலிருந்த கையெழுத்தோடு ஒப்பிட்டார், திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். சந்தேகப்பட வேறு எதுவும் அகப்படவில்லை.

"அவர் கையெழுத்துதான். இங்க கீழ இன்னொரு கோடு காலியா இருக்கே," என்று பேனாவை நீட்டினார்.

உடன் பார்த்தவர் என்ற இடத்தில் மகள் கையெழுத்துப் போட்டாள். குமாஸ்தா அவள் போட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முத்திரை வைத்து, அடுத்தவரைக் கூப்பிட்டார்.