டிக்கிக் கதவில் தேங்கிய மழை

காலைத் தேநீர் ஆறுவதற்குள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து பெயின்ட் கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார். கீழே கார் நிறுத்துமிடத்துக்குப் புதிதாக வெள்ளைத் தரை பதித்திருந்தார்கள். அதில் கடைக்காரரின் காருக்குப் பின்னால் மட்டும் பழுப்பாக ஒரு கறை. மழை விட்டு வெகுநேரம் ஆன பிறகும் அந்தக் காரின் டிக்கிக் கதவிலிருந்து துருத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறதாம். மற்ற கார்களும் அதே மழையில்தானே நனைகின்றன, இது மட்டும் ஏன் அழுதுகொண்டு நிற்கிறது என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது.

கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. கறை என்பது அவருக்குச் சோறு போடும் சங்கதி. சுவரில் ஈரம் ஊறுகிறது என்று வருகிறவர்களிடம், "ரெண்டு கோட் அடிங்க, ஒண்ணும் தெரியாது" என்று சொல்லியே கடையை வளர்த்தவர். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரையும் கேட்டதில்லை. கேட்டால் பெயின்ட் எப்படி விற்கும்?

அன்று மாலையே காருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தார். டிக்கிக் கதவின் அடி விளிம்பில் பொத்தான் அளவுக்கு இரண்டு ஓட்டைகள். சொட்டுவது அங்கிருந்துதான். கடையில் விற்கும் பசையைக் கொண்டுவந்து இரண்டையும் அழுத்தி அடைத்தார். அடைத்த இடம் தெரியாமல் காரின் நிறத்திலேயே ஒரு தீற்றும் தீற்றினார். அடுத்த மழைக்கு ஒரு சொட்டுக்கூட விழவில்லை. செயலாளர் கைகொடுத்துப் பாராட்டினார். கடைக்காரர் மாடியேறி வந்து, ஓட்டையை அடைத்த கதையை மனைவியிடம் விலாவாரியாகச் சொன்னார்.

அவள் அப்போது அவருடைய அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள்.

அந்தக் கட்டடத்தில் அவளை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னப் பிள்ளைகள் பள்ளியில் பாட்டும் எண்ணும் சொல்லிக்கொடுத்தவள். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது, யாராவது ஒருவர் கூடவே இருக்கவேண்டும் என்று குடும்பம் கூடிப் பேசியது. 'யாராவது' என்று வாய் சொல்லும்போதே எல்லார் கண்ணும் அவள் பக்கம் திரும்பிவிட்டது. கடையை மூட முடியாது. வெளியூரில் இருக்கும் அவர் அக்காவுக்குப் பேரப்பிள்ளையை விட்டு வர முடியாது. தம்பிக்கு லீவு கிடைக்காது. ஆகக்கூடி மூட முடிந்தது அவளுடைய பாடப்புத்தகம் ஒன்றுதான். வேலை போனது, டீச்சர் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மாமனார் லாரி ஓட்டியவர். வாட்டசாட்டமான உடம்பு. அந்த உடம்பைப் புரட்டுவது, தூக்கி உட்கார வைப்பது, குளியலறைக்குக் கொண்டுபோவது, ஊட்டுவது, வாயைத் துடைப்பது, ராத்திரி அவர் முனகினால் எழுந்து ஓடுவது எல்லாம் அவள் பாடு. அவரோ தங்கமான மனுஷர். மருமகள் தன்னைக் கழுவிவிடும்போதெல்லாம் கண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். கடுகடுக்கிற ஆளாக இருந்தாலாவது மனதுக்குள் ரெண்டு திட்டு திட்டிவிட்டு ஆறுதல் அடையலாம். அவளுக்கு அந்த வழியும் இல்லை.

ஆரம்பத்தில் அவள் புலம்பத்தான் செய்தாள். எதிர்வீட்டு அம்மாளிடம் படிக்கட்டில் நின்று இடுப்புவலியைச் சொல்வாள். கடைக்காரர் காதில் அது விழுந்தது. வீட்டு விஷயத்தைப் படியில் வைத்துப் பேசாதே, பெற்றவரைப் பாரமாக நினைக்கிறோம் என்று நாலு பேர் பேசுவார்கள் என்றார். அந்தப் பேச்சு நின்றது. பிறகு ஒருநாள் அக்காவிடம் தொலைபேசியில் அழுதுவிட்டாள். அக்கா கடைக்காரரைக் கூப்பிட்டு, உன் பெண்டாட்டிக்கு முடியாவிட்டால் முடியாது என்று சொல்லச் சொல் என்று குத்தலாகச் சொன்னாள். அவருக்கு மானம் போய்விட்டது. இனிமேல் அக்காவிடம் நலம் விசாரிப்போடு நிறுத்திக்கொள் என்றார். அதுவும் நின்றது. மிச்சம் இருந்தது அவருடைய காது. ராத்திரி விளக்கை அணைத்ததும் அவள் ஏதோ ஆரம்பிப்பாள்.

"கடையில ஆயிரம் தலைவலி. வீட்டுக்கு வந்தாவது நிம்மதி வேணாமா?" என்று அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்த நாளோடு அதுவும் முடிந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். வீட்டு வாயை மூட அவருக்குச் சின்னச் சின்ன மூடிகளே போதுமாக இருந்தன. வீடு நிசப்தமாகிவிட்டது. "இப்பல்லாம் நல்லாப் பழகிட்டா" என்று தம்பியிடம் பெருமையாகவே சொன்னார்.

பழகியவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்கி வழிவதைப் பார்த்தபடியே நிற்பாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, எதற்குத் திறந்தோம் என்று யோசிப்பாள். எதைக் கேட்டாலும் 'ம்'. சாப்பிட்டாயா என்றாலும் 'ம்', தூங்கினாயா என்றாலும் 'ம்'. இரண்டும் பொய்.

காரும் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தது. பிரேக் போட்டால் பின்னால் 'களக்' என்று ஒரு சத்தம். கண்ணாடி மூடியிருந்தால் பூசண வாடை. கடைக்காரர் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு, வாசனைக்கு ஒரு புட்டியை வாங்கி மாட்டினார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பது அவர் கணக்கு.

வாரத்துக்கு ஒருமுறை அப்பாவைப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போகவேண்டும். அந்த வாரம் விடாத மழை. ஆஸ்பத்திரி வாசலில் கூரைக்கடியில் காரை நிறுத்தினார். பின்னால் இரண்டு வண்டிகள் ஹாரன் அடித்தன. சக்கர நாற்காலி டிக்கியில் மடித்துக் கிடந்தது. அதை இறக்குவது எப்போதும் டீச்சர் வேலை. கதவைத் தூக்கிப் பிடிப்பது அவர் வேலை.

கதவு வழக்கத்தைவிடக் கனத்தது. தம் கட்டித் தூக்கினார். பாதி உயரம் போயிருக்கும். உள்ளே எத்தனையோ மழையாகச் சேர்ந்திருந்த தண்ணீர் புரண்டு, உள்பக்கத்துத் தகட்டின் இடுக்குகளைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. நாற்காலியை எடுக்கக் குனிந்திருந்தவளின் தலையில், கழுத்தில், முதுகில் அத்தனையும் விழுந்தது. துரு நிறம். அழுகல் நாற்றம்.

அவள் கத்தவில்லை. முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. நாற்காலியை இறக்கினாள், விரித்தாள், சக்கரம் உருளாமல் அதன் பிரேக்கைப் போட்டாள். எல்லாம் தினசரிப் பழக்கம். அப்புறம் அதில் தானே உட்கார்ந்துகொண்டாள்.

கடைக்காரருக்கு ஒன்றும் ஓடவில்லை. ஹாரன் சத்தம் கூடியது. "எழுந்திரும்மா, எல்லாரும் பார்க்கிறாங்க" என்றார்.

"பார்க்கட்டும். கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்."

வெகுநாளைக்குப் பிறகு 'ம்' என்பதைத் தாண்டி அவள் பேசியது அதுதான். அதற்குள் ஆஸ்பத்திரிப் பணியாள் ஒருவர் ஓடிவந்தார். சொட்டச் சொட்ட நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தார், காருக்குள் சாய்ந்து கிடக்கும் பெரியவரைப் பார்த்தார், குழம்பிப்போனார்.

"இதுல பேஷன்ட் யாருங்க?"

கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் பின் இருக்கையிலிருந்து அப்பா தன் நல்ல கையைத் தூக்கி மருமகளைக் காட்டினார். கோணிப்போன வாயிலிருந்து வார்த்தை சிரமப்பட்டு வந்தது.

"அவ... தான்."

கடைக்காரர் அப்போதுதான் மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு, உதடெல்லாம் வெடிப்பு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதை எப்படிப் பார்க்காமல் விட்டோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. பணியாள் பெரியவருக்கு வேறொரு நாற்காலி கொண்டுவந்து உள்ளே அழைத்துப்போனார். கடைக்காரர் காரை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஓடிவந்து, தன் கைக்குட்டையால் அவள் தலையைத் துடைத்தார். அவள் பேசத் தொடங்கினாள். இடுப்புவலி, தூங்காத ராத்திரி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கனவில் வருவது, ஒருநாள் மாமனார் கூப்பிட்டும் எழுந்து போகாமல் கல்லாய்ப் படுத்திருந்தது, அதற்காக மறுநாள் முழுக்கத் தன்னையே வெறுத்தது என்று எல்லாம் வந்தது. அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில் அவள் காரின் பக்கம் கையைக் காட்டினாள்.

"தண்ணி உள்ள வந்தது யார் தப்பும் இல்லீங்க. மாமாவுக்கு இப்படி ஆனதும் யார் தப்பும் இல்ல. அது வெளிய போற வழியை எல்லாம் ஒவ்வொண்ணா அடைச்சீங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல."

அவளை உள்ளே மாமனார் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, கடைக்காரர் காரிடம் வந்தார். மண்டியிட்டு, சாவி முனையால் பசையைக் குத்திக் குடைந்தார். அடைத்ததைவிடத் தோண்டுவதற்கு அதிக நேரம் ஆனது. மிச்சத் தண்ணீர் அவர் செருப்பின் மேல் ஒழுகி முடிந்தது. அங்கிருந்தே அக்காவைக் கூப்பிட்டார். வீட்டில் எல்லாரும் நல்லா இருக்கோம் என்று சொல்லிவந்தது பொய், அப்பாவைப் பார்த்துப் பார்த்து அவள் உடைந்துவிட்டாள், நான்தான் அவள் வாயை அடைத்தேன் என்றார். அக்கா, பேரப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாள். அடுத்துக் கூப்பிட்டபோது தம்பி முதலில் லீவுப் பாட்டைப் பாடினான். "அவர் எனக்கு மட்டும் அப்பா இல்லடா" என்றதும் பாட்டு நின்றது.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். பெரியவர் இன்னும் படுக்கையில்தான் இருக்கிறார். அக்கா வந்த கொஞ்ச நாளிலேயே, "இதையா இவ தனியா செஞ்சா?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். கடைக்காரர் காலை வேளையில் கடையைத் தாமதமாகத் திறக்கிறார். அப்பாவைக் குளிப்பாட்டும் முறை அவருடையது. முதல் நாள் வாளியைக் கவிழ்த்து அவரே நனைந்துபோனபோது, அப்பா பாதி வாயால் சிரித்தார். டீச்சர் காலையில் மட்டும் பள்ளிக்குப் போய்வருகிறாள். சோர்வு முகத்தைவிட்டு முழுக்கப் போகவில்லை. ஆனால் வாய் திரும்பிவிட்டது. தாராளமாகப் புலம்புகிறாள்.

மறுபடி மழை பெய்தது. மறுபடி செயலாளர் வந்தார். வெள்ளைத் தரையில் அதே பழுப்புக் கறை.

"மேல ரப்பர் கிழிஞ்சு கிடக்கு, மாத்தச் சொல்லியிருக்கேன். மாத்தின பிறகும் கொஞ்சம் சொட்டத்தான் செய்யும்" என்றார் கடைக்காரர். தரையை நானே துடைத்துவிடுகிறேன் என்று துணியையும் எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு அடைத்த மாதிரி அடைத்துவிட்டால் தொல்லை விட்டதே என்று செயலாளர் யோசனை சொன்னார். பாவம், அவர் காரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். மேலே படிக்கட்டில் டீச்சர் எதிர்வீட்டு அம்மாளிடம் இடுப்புவலியைப் பற்றி உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பது கீழே வரை கேட்டது.

கடைக்காரர் அந்தக் குரலுக்குக் கொஞ்ச நேரம் காதுகொடுத்தார்.

"அடைச்சுப் பார்த்துட்டேன் சார், வேணாம். சொட்டறவரைக்கும் பயமில்ல. நோயாளியைப் பார்த்துக்கறவங்களையும் யாராவது பார்த்துக்கணும். அதை விட்டுட்டு அவங்க வாயை அடைச்சா, வீடு அமைதியாகாது சார், உள்ளுக்குள்ளேயே துருப்பிடிச்சுப் போயிடும்."