இடது ஓரத்துக் கரை

ஆறடி கான்வாஸில் வானம் முடிந்திருந்தது. சூரியன் பாதி முழுகியிருந்தான். கடலும் வந்துவிட்டது. கீழே இடது மூலை மட்டும் மூன்று வாரமாக வெறும் பழுப்புப் பூச்சோடு என்னை முறைத்துக்கொண்டிருந்தது. அங்கே என்ன இருந்தது என்பது எனக்கு நினைவில்லை.

கல்யாணமான புதிதில் நாங்கள் ஒரே ஒருமுறை சேர்ந்து பார்த்த அந்தி அது. புகைப்படம் கிடையாது. கணவரைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. "எந்தக் கடல்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டால்? இருபத்திரண்டு வருடமாக அந்த மாலையை நான் ஒருத்தி மட்டுமே வைத்திருந்தேன் என்று ஆகிவிடும். அதைத் தெரிந்துகொள்வதைவிட மூலை காலியாகவே கிடக்கலாம்.

அன்று அவர் மருந்துக் கடையைத் திறக்கக் கிளம்பிய பிறகு பார்த்தேன். படச்சட்டத்தில் ஒரு சீட்டு செருகியிருந்தது: 'இடது ஓரம் கரை இருக்கு. பார்.'

கரை! நின்றபடியே நாலு தடவை படித்தேன். மனுஷன் வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் பொத்தி வைத்திருந்திருக்கிறார்! வெள்ளையில் மஞ்சள் காவியைக் குழைத்தேன். ஈர மணல் வந்தது. மணலுக்கு அப்பால் கை தானாகவே ஒரு சாய்ந்த பாறையை இழுத்தது. மதியம் சாப்பிட்டேனா என்பதே ஞாபகமில்லை.

மாலையில் வந்தவர் செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"என்னடி இது? பார்க்கச் சொன்னா ஒரு ஊரையே கட்டி வெச்சிருக்கே?"

"நீங்கதானே கரை இருக்குன்னு எழுதினீங்க?"

"ஆமா, கறை. காலையில டீ தெறிச்சிடுச்சு. நேர்ல சொன்னா என்னைத் தாளிச்சிடுவியேன்னுதான் எழுதி வெச்சேன்."

"அதுக்குப் பெரிய ற போடணும். நல்லவேளை, டாக்டர் சீட்டு நீங்க எழுதுறதில்ல. பாதிப் பேர் போய்ச் சேர்ந்திருப்பாங்க."

இருவரும் சிரித்தோம். எனக்குள் மட்டும் ஏதோ சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டது. ஆக, அவருக்கு ஞாபகமில்லை.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தில் முகம் உரசுமளவுக்குக் குனிந்தார்.

"பாறையை ஏன் இப்படிக் காய வெச்சிருக்கே? முழுக்கப் பாசியாதானே இருந்துச்சு?"

"எந்தப் பாறை?" என்றேன்.

"நான் வழுக்கி விழுந்தேனே, அது. பேன்ட் பின்னால கிழிஞ்சு, உன் சால்வையை இடுப்புல சுத்திக்கிட்டு பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேனே. நீ வழி நெடுகச் சிரிச்சே."

அந்தச் சிரிப்பை நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். சூரியனை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

"இத்தனை வருஷமா ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"பெருமையா சொல்லிக்கிற விஷயமாடி அது?"

பச்சைக் குழாயைப் பிதுக்கினேன். "எந்தப் பக்கம் பாசி? தள்ளி நின்னு காட்டுங்க."

அவர் மிகுந்த பொறுப்போடு காட்டிக்கொண்டிருந்தார். மூக்கு நுனியில் கொஞ்சம் ஈர மணல் ஒட்டியிருந்ததை நான் சொல்லவில்லை.