பொறுத்துத்தான் பிடிக்கும்

காலை டூட்டி முடிந்து பஸ்ஸை டிப்போ வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது, டிரைவரின் உடம்பில் ஒரு எலும்புகூட அவர் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை. இடுப்பைக் கழற்றி சீட்டிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடிந்தால் தேவலை என்றிருந்தது. போதாக்குறைக்கு, கடைசி மூன்று நிறுத்தங்களில் பிரேக் வேறு சண்டித்தனம் செய்துவிட்டது. மிதித்தால் உடனே பிடிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி தொலையட்டும் என்பதுபோலப் பிடித்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உருட்டி வந்து சேர்ந்திருந்தார்.

இதை அடுத்து வண்டி எடுக்கிறவனிடம் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாக்கியம்தான். ஆனால் அடுத்து எடுக்கிறவன் அவருடைய மச்சினன், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. இருவரும் பேசி மூன்று வருடமாகிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் இப்படித்தான், மச்சினன் வண்டியை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். வீட்டுக்குப் போகிற அவசரத்தில், பிரேக் சரியில்லை என்பதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பஸ் தெரு முனையில் ஒரு சுவரில் போய் முட்டியது. உள்ளே இருந்த ஒரு பெண்ணுக்குக் கால் முறிந்தது. அவள் இன்றைக்கும் காலை இழுத்துத்தான் நடக்கிறாள். விசாரணையில் மச்சினன், "நான் சொல்லிட்டுத்தான் சார் போனேன்" என்று கூசாமல் சொன்னான். அவ்வளவுதான். டிரைவரிடமிருந்து ஸ்டீயரிங்கைப் பிடுங்கி, பஸ் கழுவுகிற ரப்பர் குழாயைக் கையில் கொடுத்துவிட்டார்கள். யார் யாரோ வாந்தியெடுத்த சீட்டையெல்லாம் ஒன்றரை வருடம் கழுவினார், பாவம். அப்புறம்தான் மேலே இருக்கிறவர்களுக்கு மனசு இரங்கியது. அதுவும் எப்படி? கொண்டுபோய் மச்சினனோடு ஒரே வண்டியில் கோர்த்துவிட்டார்கள்.

வண்டி விஷயம் எதுவானாலும் கண்டக்டர் மூலமாகத்தான் போகும். அதனாலேயே அவனுக்கு ரேடியோ என்று பெயர். "கியர் இறுக்கமா இருக்குன்னு உங்க அத்தான் சொல்லச் சொன்னார்" என்று இங்கே ஒலிபரப்புவான். "சரின்னு சொல்லச் சொன்னான்" என்று அங்கே ஒலிபரப்புவான். இன்றைக்குப் பார்த்து ரேடியோவுக்குக் காய்ச்சல்; காலையில் வேலைக்கே வரவில்லை. அவனுக்குப் பதிலாக வந்த புதியவன் சில்லறையைக் கொடுத்துவிட்டு எப்போதோ போய்விட்டான். மெக்கானிக்கோ வழியில் நின்றுபோன வேறொரு வண்டியை இழுத்துவரப் போயிருந்தார்.

வீட்டில் மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். "ரெண்டு பேரும் சேர்ந்து என்னை நடுவுல போட்டு அரைக்கிறீங்க" என்பாள். மாதா கோவிலிலும் விடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் எழுந்து நின்று ஜெபம் சொல்லும்போது, எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம், எங்களையும் அப்படியே பொறுத்துக்கொள்ளும் என்று கேட்கிற இடம் வந்தால் அவருக்குச் சொல்லிவைத்தாற்போல இருமல் வந்துவிடும். அந்த வரி தாண்டியதும் இருமலும் நின்றுவிடும்.

"அந்த இடத்துல மட்டும் உங்களுக்கு எப்படித்தான் இருமல் வருதோ" என்று போன வாரம்கூடக் கேட்டாள்.

"தூசி" என்றார்.

"ஆமாமா. மூணு வருஷத்துத் தூசி."

மச்சினன் தூரத்தில் வருவது தெரிந்தது. டிரைவர் கீழே இறங்கி நின்றார். சொல்லாமல் போனால்தான் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. அவனும் ஒரு சுவரைப் பார்க்கட்டும். அவனும் குழாயைப் பிடிக்கட்டும். அந்த நினைப்பு நாக்கில் வைத்த வெல்லம்போல இனித்தது. சீ, இதுவா இனிக்கிறது என்று கீழே துப்பினார். இத்தனை வருடம் கோபத்தைச் சுமந்து சுமந்து, கடைசியில் அவனைப் போலவே ஆகிவிட்டோமா என்று இருந்தது.

ஆனாலும் வீம்பு லேசில் விடுமா? எட்டி, முன்கண்ணாடியில் படிந்திருந்த தூசியில், 'பிரேக் சரியில்லை' என்று விரலால் எழுதிவைத்தார். பேசின மாதிரியும் ஆகாது, சொன்ன மாதிரியும் ஆகும். தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு நாலு எட்டு நடந்தவர், சந்தேகம் வந்து திரும்பிப் பார்த்தார்.

மச்சினன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். எப்போதும் செய்கிறபடி முதல் வேலையாகக் கண்ணாடிக்குத் தண்ணீரைப் பீய்ச்சி வைப்பரை ஓடவிட்டான். எழுத்து போயே போய்விட்டது. ஜனங்கள் முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா கைக்குழந்தையை முதலில் உள்ளே கொடுத்துவிட்டுத் தானும் ஏறினாள். என்ஜின் உறுமியது.

டிரைவர் திரும்பி ஓடினார். ஓடுகிற வயதும் இல்லை, தெம்பும் இல்லை. டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். முதலில் இருமல்தான் வந்தது. இருமி முடித்தார்.

"பிரேக் சரியில்லைடா. கொஞ்சம் பொறுத்துத்தான் பிடிக்குது."

மச்சினன் என்ஜினை அணைத்தான். ஜன்னல் வழியே தலையை நீட்டினான். அவன் காதோரமும் நரைத்துவிட்டதை அவர் அப்போதுதான் பார்த்தார்.

"அன்னைக்கு நான் சொல்லலை, அத்தான்."

"தெரியும்."

"கேட்டப்போ பயந்துட்டேன். வேலை போயிடும்னு..."

"அதுவும் தெரியும்."

"நாளைக்கே ஆபீஸ்ல போய்ச் சொல்லிடறேன்."

"முதல்ல உங்க அக்காகிட்ட சொல்லு. அவதான் ரொம்ப நொந்துபோயிருக்கா."

மச்சினன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "என்னைப் பொறுத்துக்குவீங்களா?"

அவர் மூன்று வருடமாக இருமி இருமி விழுங்கிய அதே வார்த்தை. அழுகை வரும் என்று நினைத்திருந்தார், வரவில்லை. அசதிதான் வந்தது. ஆனால் மூட்டையை இறக்கி வைத்த பிறகு வருகிற அசதி.

"நானும் இந்த வண்டி மாதிரிதான்டா" என்றார். "கொஞ்சம் பொறுத்துத்தான் பிடிக்கும்."

பின் சீட்டிலிருந்து ஒருவர் எரிச்சலோடு கேட்டார். "ஏம்ப்பா, வண்டி போகுமா போகாதா?"

"போகாது" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.