கூட்டிச் சொன்ன வயது

சத்யப்பிரியாவின் விருது முகாம் விண்ணப்பத்தில் பிறந்த தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மாவட்டச் சாரண அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "பதினெட்டு முடிஞ்சிருச்சும்மா. இனி சாரணியர் கிடையாது, திரிசாரணியர். அந்தப் படையில சேத்து விடுங்க" என்றார் எடுத்தவர். வாலிநோக்கத்திலிருந்து எந்த பஸ் ஏறினால் அந்தப் படை வரும் என்று கேட்டேன். வைத்துவிட்டார்.

பத்து வயதுவரை நீலப் பறவையர், அதற்குமேல் சாரணியர், பதினெட்டு தாண்டினால் திரிசாரணியர். கையேட்டில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு ஜூன் ஐந்தாம் தேதி பிறந்தநாள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்த அன்று, பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாத்தியார் எழுதிய தேதி. அவர்களுக்குச் சாரணியர் வகுப்பு எடுக்கிற எனக்கும் அதே ஜூன் ஐந்துதான். "அன்னைக்கு ஒருத்தர் கேக் வாங்குனா ஊருக்கே போதும் மிஸ்" என்பாள் சத்யா.

பத்தாவது முடித்ததும் அவள் ஒரு வருடம் அம்மாவோடு உப்பளத்துக்குப் போய்விட்டாள். நான் போய்ச் சண்டை போட்டுப் பதினொன்றில் சேர்த்தேன். இப்போது பன்னிரண்டு. முப்பத்திரண்டு சாரணியருக்கும் அவள்தான் தலைவி. மாநில விருதுக்கான தேர்வு முகாம் இந்த மாதக் கடைசியில். விருது வாங்கினால் நர்சிங் படிப்பில் இடம் கிடைக்க அது உதவும் என்று நம்பினாள். நம்ப வைத்ததும் நான்தான்.

சனிக்கிழமை மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கருத்தம்மாள் உப்பு வாரிவிட்டு வந்து, வெடித்த பாதங்களில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். சத்யா வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சத்யா நெசமா எப்ப பொறந்தா?"

"ஆவணி மாசம் டீச்சர். பள்ளிக்கூடத்துல சேக்கையில அஞ்சு கூட முடியல. உப்புப் பாத்தியில விட்டா அந்த வெளிச்சத்துக்குப் பிள்ளைக்குக் கண்ணு போயிரும். வீட்டுல பாக்க ஆளில்ல. சின்னப் பிள்ளைன்னு திருப்பி அனுப்பிருவாகன்னு ஆறுன்னு சொல்லிட்டேன்." சிரித்தார். "ஒங்க வாத்தியாரு என்ன, பல்ல எண்ணியா பாத்தாரு?"

நானும் சிரித்தேன். "தடுப்பூசி அட்டை இருக்கா? அத வச்சு ஆஸ்பத்திரியில பிறப்புச் சான்றிதழ் வாங்கி தேதியத் திருத்திரலாம்."

எண்ணெய் தேய்த்த கை நின்றது.

"திருத்த வேணாம்."

"ஏன்க்கா?"

"மாசியில கல்யாணம் பேசியிருக்கு. எங்கண்ணன் மகன் சின்னக்கருப்பன். ஆந்திராவுல முறுக்குக் கடையில நிக்கிறான். எவன் வந்து கேட்டாலும் பள்ளிக்கூடத்துத் தாளக் காட்டுவோம். பதினெட்டு முடிஞ்சு போச்சுல்ல."

முகாமிலிருந்து அவளை வெளியே தள்ளிய அதே தேதி, அவள் கழுத்தை நீட்டவும் அனுமதி கொடுத்திருக்கிறது. நிஜத்தில் அவளுக்குப் பதினேழு வயதும் ஐந்து மாதமும். பொதுத்தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம். நான் கத்தினேன். சட்டம் என்றேன், ஜெயில் என்றேன். தெரு எட்டிப் பார்த்தது.

கருத்தம்மாள் குரலை உயர்த்தவில்லை. "ஒங்களுக்கு இருவத்தாறு ஆச்சாம்ல. ஒங்கம்மா என்ன சொல்றாக?" என்றார். கொஞ்சம் கழித்து, "எனக்கு முட்டி போச்சு டீச்சர். இன்னும் எத்தன வருசம் வாருவேன்னு தெரியாது. அதுக்குள்ள அவள ஒரு எடத்துல வச்சிரணும். நீங்க படிச்சவுக, பேசுவீக" என்றார்.

சத்யா தலை நிமிராமல் ஒரே குண்டானைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அணிவகுப்பில் அத்தனை சத்தமாகக் கட்டளை கொடுக்கிறவள். அவள்மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. சட்டத்தைச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நான் வந்துவிடலாம், அவள் அந்த வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை, பத்து வயது முடிந்த ஏழு நீலப் பறவையரைச் சாரணியர் படைக்கு மாற்றும் நிகழ்ச்சி. சத்யா எல்லோருக்கும் முன்னால் சீருடையில் வந்து, நோட்டுக்குள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஈரத்தில் ஊறி உப்பிய தடுப்பூசி அட்டை. எடை, ஊசி, தேதி. ஆகஸ்ட் இருபது.

"நேத்து பெட்டியில இருந்து எடுத்தேன். இதக் குடுத்தா கல்யாணம் நிக்குமா மிஸ்?"

"நிக்கும்."

"அம்மாவ ஜெயில்ல போடுவாகளா?"

அவள் வீட்டு வாசலில் நான் கத்திய அதே வார்த்தை. "மொதல்ல அதிகாரிக வந்து எச்சரிச்சு எழுதி வாங்குவாக. கல்யாணத்த நிறுத்திட்டா அதோட விட்ருவாகன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீகளா, வாக்குக் குடுக்கிறீகளா?"

மூன்று விரலை உயர்த்தச் சொல்லி எத்தனை பிள்ளைகளுக்கு நான் உறுதிமொழி சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "தெரியல சத்யா" என்றேன்.

அவள் அட்டையைத் திரும்பக் கேட்கவில்லை. "மொதல்ல சின்னதுகள முடிச்சிருவோம்" என்று மைதானத்துக்குப் போனாள்.

நான்காவது பிள்ளையை மாற்றும்போது கருத்தம்மாள் கேட்டருகே வந்து நின்றார். தலையில் சும்மாடு அப்படியே இருந்தது. முழங்கால்வரை உப்பு காய்ந்து வெள்ளையாயிருந்தது. பெட்டியில் அட்டை இல்லாதது எப்படியோ தெரிந்து, உப்பளத்திலிருந்து பாதி வேலையில் வந்திருக்கிறார். சத்யா பார்த்துவிட்டாள். குரல் மட்டும் ஒரு கணம் தடுமாறியது. ஒவ்வொரு பிள்ளையாகக் கையைப் பிடித்து இந்தப் பக்கம் கூட்டி வந்து, பெயரையும் வயதையும் கேட்டுப் படையில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

கருத்தம்மாள் என்னிடம் நடந்து வந்தார். அட்டை என் கையில் எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. மறைக்கத் தோன்றவில்லை. அவர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடி இருந்தது.

கடைசிப் பிள்ளை சல்மா.

"பேரு?"

"சல்மா."

"வயசு?"

சல்மா யோசித்தாள். "பள்ளிக்கூடத்து வயசாக்கா, வீட்டு வயசாக்கா?"

மைதானமே சிரித்தது. என் பக்கத்தில் கருத்தம்மாளும் தன்னை மறந்து சிரித்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சத்யா சிரிக்கவில்லை. அந்தச் சின்னக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றாள். அடங்கியதும் குனிந்து, எங்கள் இருவருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நெசமான வயசு."