நேரலையில் மத்தி

"எலோய், இதோ உன்கிட்ட வர்றோம். ஒரு வார்த்தை ஸ்பானிஷ் வந்தாலும் வெட்டிருவேன். அப்புறம் சந்தைப் பக்கம் கேமராவே கிடையாது. எல்லாம் ஸ்டூடியோதான்!"

காதுக்கருவியில் செய்தித் தலைவி ஒட்டிலியா. 1985 ஜூலை. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கும் எங்கள் கலிசியாவில், கலிசிய மொழியில் முதல் தொலைக்காட்சி தொடங்கிய வாரம். சந்தை ஜனங்களும் திரையில் பேச வேண்டும் என்று அடம்பிடித்தவன் நான்தான்.

காங்காஸ் மீன் சந்தையில் டோசிந்தா அக்கா காலையிலிருந்து என்னைக் கலிசியத்தில் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா தம்பி, மாப்பிள்ளையாட்டம் டை? மீன் வாங்க வந்தியா, மீனைப் பொண்ணு கேக்க வந்தியா?"

கேமராவில் சிவப்பு விளக்கு. மைக்கை நீட்டினேன்.

"அக்கா, இன்னிக்கு மத்தி எப்படி?"

அவள் கையை ஏப்ரனில் துடைத்தாள். முதுகு நிமிர்ந்தது.

"மிகவும் சிறப்பாக உள்ளது, ஐயா."

சுத்தமான ஸ்பானிஷ்!

டாக்டர், பாதிரியார், போலீஸ், இப்போது மைக். இவற்றின் முன்னால் எங்கள் ஜனங்கள் சொந்த மொழியைச் சுருட்டி உள்ளே வைத்துவிடுவார்கள். மரியாதையாம். பேங்க் வாசலில் என் அம்மாவும் அப்படித்தான்.

"நம்ம பாஷையிலயே பேசுங்கக்கா."

"அது முறையன்று, ஐயா. தொலைக்காட்சி அல்லவா?"

"வெட்டப்போறேன் எலோய்!" காதில் சீறல்.

ஒரு மத்தியை எடுத்தேன். முகர்ந்தேன். மூக்கைச் சுளித்தேன்.

"நேத்து மீன் மாதிரி இருக்கே?"

அவ்வளவுதான்.

"நேத்து மீனா! உன் மூக்குதான்டா நேத்து மூக்கு! மீன் கண்ணப் பாரு, உன் முழியவிடப் பளிச்சுன்னு இருக்கு! என் புருஷன் விடிய விடியக் கடல்ல கெடந்து பிடிச்சது, கோட்டு போட்டவன் குத்தம் சொல்றான்!"

அசல் கலிசியம். பக்கத்துக் கடைக்காரிகளும் சேர்ந்துகொண்டார்கள். சந்தையே என்னைத் திட்டியது, கலிசியா முழுக்கக் கேட்க. என் வாழ்நாளில் அப்படி இனித்த திட்டு கிடையாது.

காதில் சிரிப்புச் சத்தம். "ஓடட்டும், ஓடட்டும்! நாளைக்கும் அங்கேயே போ."

விளக்கு அணைந்தது. டோசிந்தா அக்கா வாயைப் பொத்தினாள்.

"ஐயோ, டிவியில நம்ம பாஷையிலயா பேசிட்டேன்?"

"ஆமாக்கா. ரொம்ப நன்றிக்கா. காப்பாத்திட்டீங்க."

"நன்றிய யாருடா கேட்டா? மீன்கிட்ட மன்னிப்புக் கேளு."

கேட்டேன். மனசாரக் கேட்டேன்.

மறுநாள் போனபோது தலை வாரி, புது ஏப்ரன் கட்டியிருந்தாள். கேள்வியே கேட்கவில்லை நான். சிவப்பு விளக்கைப் பார்த்ததும் அவளே ஆரம்பித்தாள், கலிசியத்தில்:

"என்னடா, இன்னிக்கும் அதே டைதானா?"