முதல் பனி வாங்கியவள்

கண் விழித்ததும் மொமேனாவுக்குத் தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றியது. நாய் குரைக்கவில்லை, வண்டி ஓடவில்லை, பக்கத்து வீட்டு வாத்துகள்கூட வாயைத் திறக்கவில்லை. ஜன்னலைத் தள்ளிப் பார்த்தாள். குப்வாரா ஊர் முழுவதற்கும் யாரோ ராவோடு ராவாக வெள்ளையடித்து வைத்திருந்தார்கள்.

அவள் முர்ஷிதாபாத்காரி. அங்கே குளிர்காலம் ஒரு சால்வையோடு தீர்ந்துவிடும். கோடையில் கல்யாணமாகி இந்தக் காஷ்மீருக்கு வந்தவளுக்குப் பனியைப் பார்த்ததும் அழகு தெரியவில்லை, புருஷன் இஷ்ஃபாக்தான் நினைவுக்கு வந்தான். முந்தின நாள் சுமோவில் ஆளேற்றிக்கொண்டு சாதனா கணவாய்க்கு அந்தப் பக்கம் போனவன். "சாயங்காலம் வந்துடுவேன், மீன் குழம்பு வை" என்று சொல்லிவிட்டுப் போனான். குழம்பு சட்டியில் உறைந்து கிடந்தது. கரண்ட் இல்லை. செல்போன் கோபுரமும் படுத்துவிட்டது.

அடுப்படியில் மாமியார் ஜூனா உப்புத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மாமி, அவங்க இன்னும் வரலையே?"

"வருவான். வழி மூடிட்டா அந்தப் பக்கமே எவன் வீட்லயாவது தின்னுட்டுத் தூங்குவான்."

"பனி சரியும்னு ரேடியோவுல சொன்னாங்களே?"

"ரேடியோக்காரனுக்கு வேற என்ன வேலை? குடிடீ, ஆறிடப்போவுது."

மொமேனா கோப்பையைத் தொடவில்லை. அவள் ஊரில் ஆறு கரையைத் தின்னும் நாட்களில் தெருவே ஒரு வீட்டில் கூடி அழும். இங்கேயோ ரொட்டியைத் தேநீரில் தோய்த்து நிதானமாகத் தின்கிறார்கள். பெற்ற பிள்ளைதானா அவன் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

அப்போது நாத்தனார் தவ்ஹீதா மூடிய கிண்ணத்தோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"மதினி! டாக்ஸி ஸ்டாண்டுலேருந்து உங்களுக்குக் குடுத்துவிட்டிருக்காங்க!"

மொமேனா அதைப் பறித்து, மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு கைப்பிடிப் பனி.

"ஷீன்! ஷீன்! மதினி ஏமாந்தாச்சு! கோழி விருந்து மதினி தலையில!"

ஷீன் என்றால் பனி; வருஷத்தின் முதல் பனியை இப்படி மூடிக் கொடுத்து, தெரியாமல் வாங்கியவர் தலையில் விருந்தைக் கட்டுவது அந்த ஊர் வழக்கம். அகப்பட்டது புது மருமகள் என்றால் கேட்கவே வேண்டாம்.

மொமேனா கிண்ணத்தைச் சுவரில் விட்டெறிந்தாள். "அவர் செத்துக் கிடந்தாக்கூட நீங்க சிரிப்பீங்க!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. தவ்ஹீதாவின் முகம் செத்துப் போனது.  ஜூனா கோப்பையைக் கீழே வைத்தாள், ரப்பர் பூட்ஸை மாட்டினாள், தணல் போட்ட காங்கிரிக் கூடையை அங்கிக்குள் அணைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

என்ன வாய் இது, பலித்துத் தொலைத்தால்? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது மொமேனாவுக்கு. காலில் கிடந்த பிளாஸ்டிக் செருப்போடு பின்னாலேயே ஓடினாள். வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். கணுக்காலுக்கு மேல் பனி நெருப்பாகச் சுட்டது.

ஸ்டாண்டில் ஒவ்வொரு டிரைவராக விசாரித்துக்கொண்டிருந்தாள் ஜூனா.

"பெரியம்மா விடியறதுக்கு முன்னாடியே வந்து நின்னுட்டுப் போச்சு, இப்ப திரும்பவும் வந்திருக்கு" என்று ரொட்டிக் கடைக்காரர் மொமேனாவிடம் சொன்னார்.

மருமகளின் காலைப் பார்த்தாள் ஜூனா. "இந்தச் செருப்போடயா வந்தே? அறிவிருக்கா?" காங்கிரியை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"மாமி, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"கூடாதுதான். பேசாம நில்லு."

சொல்லிவிட்டுக் கணவாய்ப் பாதையையே கண்ணெடுக்காமல் பார்த்தாள். 

பனி வாரும் இயந்திரத்தின் பின்னால் ஒரு சுமோ ஊர்ந்து வந்தது. இஷ்ஃபாக்கினுடையது இல்லை, அவன் கூட்டாளி காதிருடையது. தாடியெல்லாம் பனி ஒட்டியிருக்க வண்டியை விட்டு இறங்கிய காதிர் சிரிக்கவில்லை, மொமேனாவின் முகத்தையும் பார்க்கவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை எடுத்தான். இஷ்ஃபாக்கின் பழுப்பு மஃப்ளரில் கட்டிய மூட்டை.

"இஷ்ஃபாக்கோடது. உங்க கையிலதான் குடுக்கணும், மதினி."

ஆற்றில் போனவர்களின் சட்டையும் செருப்பும் இப்படித்தான் வீடு வந்து சேரும். மொமேனா கையை நீட்டவில்லை. ஜூனா பக்கத்திலிருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கிக்கோங்க, மதினி."

காங்கிரியைக் கீழே வைத்துவிட்டு வாங்கினாள். மூட்டை ஈரமாகக் கனத்தது. முடிச்சு அவிழ மறுத்தது, பல்லால் இழுத்தாள். உள்ளே பாதி கரைந்த பனிக்கட்டி.

அதையே வெறித்துக்கொண்டு நின்றாள். முதலில் புரிந்தது ஜூனாவுக்குத்தான்.

"ஷீன்!" என்று ஸ்டாண்டே அதிரக் கத்தினாள். காதிர் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள். "பாவிப் பயலே! எங்கடா அவன்?"

"அடிக்காதீங்க பெரியம்மா! கணவாய்க்கு இந்தப் பக்கம் வந்தாச்சு. வண்டிதான் மாட்டிக்கிச்சு, தோண்டிட்டிருக்கான். சிரிக்காம குடுக்கணும்னு சத்தியம் வாங்கிட்டான். சிரிச்சா மதினி உஷாராயிடுவாங்களாம்."

மொமேனா அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். ஜூனா அங்கிக் கையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரே நாள்ல ரெண்டு தடவை தோத்திருக்கே. ரெண்டு கோழி, ஞாபகம் வெச்சுக்கோ. அதைக் கொட்டுடீ, கை விறைச்சுப் போயிடும்."

மொமேனா கொட்டவில்லை. மஃப்ளரைத் திரும்பவும் முடிந்து, வீடு வரைக்கும் கையிலேயே வைத்திருந்தாள்.